கோமோ ஏரிக்கும் சீசன் உண்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இத்தாலியிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது.

'மதிப்புக்குரிய மேடம், எங்கள் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் நவம்பர் மாதத்தில் உங்களை வரவேற்க இயலாத நிலையில் இருக்கிறோம். அக்டோபர் கடைசியில் ஹோட்டலை மூடினால் ஏப்ரலில்தான் திறப்போம்.'

இரண்டு தடவை படித்தேன். மூடுவார்களா? ஹோட்டலையா? எங்கள் தெருமுனை டீக்கடையே பொங்கலுக்கு ஒரு நாள்தான் மூடும். ஐந்து நட்சத்திர ஹோட்டலை ஐந்து மாதம் பூட்டிப்போட்டால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?

மூன்று வாரமாக நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசி, கோபித்துக்கொண்டு, சமாதானமாகித் தேர்ந்தெடுத்த ஹோட்டல் அது. ஒரே மெயிலில் கை நழுவிப் போய்விட்டது.

என் கணவர் ஆரோக்கியதாஸை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஜனவரியில் பாத்தியில் இறங்கினால் செப்டம்பர் முடிந்து மழை பிடிக்கிற வரை வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வருவார். மழை வந்துவிட்டால் வேலை கிடையாது. அதனால் எங்கள் கல்யாணம் நவம்பரில் நடந்தது. மகள் ஜெனி முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தை டிசம்பரில் குடை பிடித்துக்கொண்டு பரிமாறினோம். வேளாங்கண்ணிக்குக்கூட செப்டம்பர் திருவிழாவுக்குப் போனதே இல்லை. கூட்டமெல்லாம் கலைந்து, மழை ஆரம்பித்த பிறகு போய், மாதாவை நிதானமாகப் பார்த்துவிட்டு வருவோம்.

இப்போது புரிகிறதா? இத்தாலிக்கு எப்போது போகலாம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஹோட்டலுக்கு எழுதும்போது என் கை தானாகவே நவம்பர் என்று போட்டுவிட்டது. விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் அந்த மாதம்தான்.

சரி... மரக்காணத்துக்காரிக்கு எதற்கு இத்தாலி?

எங்கள் கல்யாணத்தின் முப்பதாவது ஆண்டு இது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஜெனி போனில் சொன்னாள். "அம்மா, செலவு என்னுது. எங்க வேணா கேளு. ஆனா அப்பாவயும் இட்டுக்கினு போவணும்."

நான் யோசிக்கவே இல்லை. "இத்தாலியில ஏரி ஏரியா இருக்குதாமே... கரையில நல்ல ஹோட்டலா பாத்து, பத்து நாள் சும்மா உக்காரணும்" என்றேன்.

இதற்குக் காரணம் உண்டு. உப்பளத்துக் கொட்டகையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. சாயங்காலம் நான் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போவேன். நான் உட்காருவேன், அவர் நின்றுகொண்டே குடிப்பார். கண் மட்டும் பாத்தித் தண்ணீரில் இருக்கும். அவர் தண்ணீரைப் பார்ப்பது, அது எப்போது வற்றும் என்று தெரிந்துகொள்ளத்தான். அடுத்து மேகத்தைப் பார்ப்பார். வாருவதற்கு முன்னால் ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போய்விடும். முப்பது வருஷமாக இதே டீ, இதே நிற்பு. வற்றத் தேவையில்லாத ஒரு தண்ணீருக்கு எதிரில் இந்த மனிதர் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பதை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைக்கூட நான் அவரிடம் சொன்னதில்லை.

ஊரில் செய்தி பரவியது. பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் சந்தோஷமாகக் கேட்டார், "ரோமாபுரிக்கா?" இல்லை சாமி, ஏரிக்கு என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தாலி வரை போய்விட்டு ரோமுக்குப் போகாத ஒரே கத்தோலிக்கக் குடும்பம் என்று எங்களைப் பற்றி மேலிடத்தில் எழுதிவைப்பார்களோ என்று பயம் வந்துவிட்டது. கடைசியில் ரோமுக்கு இரண்டு நாள் என்று ஒப்புக்கொண்டேன்.

டிக்கெட், விசா எல்லாம் கோட்டக்குப்பத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சாதிக் பாய் பொறுப்பு. "அக்கா, துபாயி, சவூதி, குவைத்து, உம்ரா... கண்ண மூடிக்கினு போடுவேன். ஏரியப் பாக்கறதுக்குன்னு யாரும் வந்து கேட்டதில்ல. இன்ஷா அல்லா, இதையும் போட்டுடலாம்" என்றார். ஹோட்டலை மட்டும் நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். விவரமான மனிதர்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தேன், அவர் பின்னால் நின்றார்.

முதலில் காட்டியது ஓர் அரண்மனை. உண்மையிலேயே யாரோ பிரபு கட்டியதாம். ஏரியை ஒட்டி நீச்சல் குளம். குளத்துத் தண்ணீர் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

"ஏரிதான் பக்கத்துலயே இருக்குதே. எதுக்கு இன்னொரு தொட்டி?" என்றார்.

"குளிக்கறதுக்குங்க."

"ஏரியில குளிச்சா என்னா?" கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இல்ல... ஏரித் தண்ணிய தொட்டிக்கு ஏத்திக் காயவைக்கறானோ?"

அடுத்ததில் மொட்டைமாடி முழுக்க வெள்ளைப் பளிங்கு. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவர் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டார். "வேணாம் ஸ்டெல்லா. வெள்ளத் தரையில வெயில் பட்டா கண்ணு கூசும். வருசம் பூரா அதத்தான பாத்துக்கினு கெடக்கறேன்." அடுத்த படத்துக்குப் போனேன். போன வருஷம்தான் அவருக்குக் கண்ணில் சதை வளர்ந்து பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்தோம்.

இன்னொன்றில் ஜன்னல் எல்லாம் மேற்குப் பார்த்து இருந்தது, வேண்டாம். ஒன்றில் கட்டிலுக்கு மேல் கூரையில் தேவதைகள் படம் வரைந்திருந்தார்கள். மல்லாந்து படுத்தால் அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நானே வேண்டாம் என்றேன்.

இப்படியே போனால் இத்தாலியில் ஏரிகள் தீர்ந்துவிடும் என்று நினைத்தபோதுதான் கோமோ ஏரிக்கரையில் அந்த மஞ்சள் கட்டடம் வந்தது. பழைய கட்டடம், பச்சை ஜன்னல்கள், ஒவ்வோர் அறைக்கும் சின்ன பால்கனி. அவர் சட்டென்று குனிந்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கு என்றார். ஏரியையா பார்க்கிறார்? இல்லை, பால்கனிக் கம்பியைப் பார்க்கிறார்.

"இரும்புக் கம்பி... தண்ணிக்கு மேலயே நிக்குது. ஒரு பொட்டு துரு இல்ல பாரு."

எங்கள் வீட்டு கேட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். உப்பளத்துக் கொட்டகையில் ஆணி ஆறு மாதம் தாங்கினால் அதிகம்.

"அத்தனையும் நல்ல தண்ணி ஸ்டெல்லா" என்றார். குரலில் அப்படி ஒரு மரியாதை. "இதுவே போதும். இதப் போடு."

நட்சத்திரம், ரிவியூ, காலை உணவு, எதையும் கேட்கவில்லை. துருவே இல்லாத ஒரு கம்பிக்காக ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்த ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஆன்லைனில் தேதி போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். நாங்கள்தான் எதையும் நாலு வார்த்தை விசாரிக்காமல் வாங்காத ஆட்களாயிற்றே. மெயில் எழுதினேன். இந்தப் பதில் வந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட வந்ததும் படித்துக் காட்டினேன். என் குரலே சரியில்லை. அவரோ சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரிக்கிறார்.

"சீசன் முடிஞ்சா சாத்திடறானா? அவனும் நம்மாளுதான். நம்ம சீசன் அவனுக்கும் சீசன்."

"சிரிக்காதீங்க. அப்ப எப்பங்க போறது?"

சிரிப்பு நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் திறந்திருக்கும்போது நாங்கள் பாத்தியில் இருப்போம். நாங்கள் சும்மா இருக்கும்போது அவர்கள் கதவில் பூட்டுத் தொங்கும். இரண்டு பேருக்கும் வெயில்தான் பிழைப்பு. அக்டோபர் ஒரு மாதம் நடுவில் வருகிறதே என்று நான் இழுத்தேன். அந்த மாதம் மழை வந்தாலும் வரும், வராவிட்டால் உப்பு வாரிக்கொண்டிருப்போம், எதை நம்பி டிக்கெட் போடுவது என்றார். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவதுதான் எவ்வளவு கஷ்டம்.

"ஜூன்ல போலாங்க" என்றேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

"ஜூன்லயா? வேற வேல இல்ல? காத்து நல்லா அடிச்சு உப்பு வெளையற மாசம். ஒரு மழ வந்தா யாரு பாக்கறது?" தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. போகட்டும் என்று லேப்டாப்பை மூடி பீரோவில் வைத்தேன்.

சாயங்காலம் வீம்புக்கு டீ எடுத்துப் போகாமல் இருந்திருக்க வேண்டும். போனேன். கொட்டகையில் மல்லிகா இருந்தாள். பதினெட்டு வருஷமாக எங்கள் உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். ஆட்களைக் கூட்டி வருவது, எந்தப் பாத்தியை எப்போது வாருவது எல்லாம் அவள் கையில்தான். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்றாள். இவர் எதிரிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் தலைத்துணியை அவிழ்த்து உதறிவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஏண்ணா, நீங்க பாத்துக்கினே நின்னதாலயா இத்தினி வருசம் உப்பு வெளஞ்சுது? வெயில்ல வெளஞ்சுது."

இவர் கண் வானத்துக்குப் போனது.

"மேகம் வந்தா எனக்கும் கண்ணு இருக்குது. போன வருசம் நீங்க ஆபரேசனுக்குப் போனப்ப மழ வந்துச்சே, யாரு வாருனது? ஒரு மூட்டையாச்சும் கரைஞ்சுதா?"

"இல்ல" என்றார். அது அவர் வாயிலிருந்து வருவதற்குள் டீயே ஆறிவிட்டது.

"அப்பறம் என்னா? அக்காவ இட்டுக்கினு போயிட்டு வாங்க."

இரண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எனக்குக் கேட்கட்டும் என்றே சாதிக் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பாய், ஜூன் மாசம். பத்து நாளு. மாத்திப் போட்டுடுங்க."

"மாஷா அல்லா. அண்ணே, விசாவுக்கு ஒரு பேப்பர் வேணும். அங்கயே தங்கிடாம திரும்பி வந்துடுவீங்கன்னு ஆதாரம் காட்டணும்."

"சீசன்ல உப்ப பாத்தியில வுட்டுட்டுப் போறேன் பாய். அங்க எப்படி தங்குவேன்?"

பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். "நல்ல காரணமாத்தான் இருக்குது. இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னு அக்காவக் கேட்டுக்கறேன்."

அன்றைக்கே ஹோட்டலின் முன்பதிவுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஜூன், ஏரி பார்த்த அறை, இரண்டு பேர். கடைசியில் வேறு ஏதாவது விசேஷத் தேவை உண்டா என்று எழுத ஓர் இடம் வைத்திருந்தார்கள். சைவ உணவா, மெத்தென்ற தலையணையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். "பால்கனியில ரெண்டு சேர் இருக்குதான்னு கேளு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதிருப்பேன். இத்தனை வருஷமும் இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லாதது அத்தனையும் தெரிந்திருக்கிறது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிய, தப்பும் தவறுமாகத் தட்டி அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. எல்லா பால்கனியிலும் இரண்டு நாற்காலிகள் உண்டாம், மெத்தையும் போட்டிருப்பார்களாம். படத்தோடு அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்திலும் இவர் கம்பியைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

நாற்காலி இருந்துவிட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவாரா? எனக்குச் சந்தேகம்தான். அதிலும் மல்லிகாவிடம் இவர் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்திருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. இத்தாலியில் இருக்கிற பத்து நாளும் அவள் காலையில் மரக்காணத்து வானத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம். அப்படியானால் என்ன நடக்கும்? கோமோ ஏரி எதிரில் கிடக்க, இவர் நின்றுகொண்டு போனில் எங்கள் ஊர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் நானும் மல்லிகாவைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டு, அதை இவர் முகத்துக்கு நேராகவே சொல்லியும் விட்டாள்.

"மொதல்ல நீங்க அக்கா பக்கத்துல சேர்ல குந்தியிருக்கற போட்டோ வரணும்ண்ணா. அப்பறந்தான் வானம்."