வியாழனுக்கு முன்னால் நடப்பது

கணினித் திரையின் இடது ஓரத்தில் ஒரு அட்டைத்துண்டை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அக்கா நாற்காலியில் உட்காருவார். அந்த ஓரத்தில்தான் மென்பொருள் தன் தீர்ப்பை எழுதும்: இது சிறுகோள், இது நட்சத்திரம், இது வெறும் அழுக்கு. "அது சொன்னத முதல்ல பாத்துட்டா, அப்புறம் என் கண்ணு அதுக்குத் தலையாட்ட ஆரம்பிச்சிடும்" என்பார்.

மலைமேல் தொலைநோக்கி இரவில் எடுக்கும் படங்கள் காலையில் நகரத்து அலுவலகத்துக்கு வந்துவிடும். ஒரே வானத்துண்டு, சிறிது நேர இடைவெளியில் நான்கு படங்கள். விசையைத் தட்டித் தட்டி அவற்றை மாற்றி மாற்றிப் பார்ப்பார். நட்சத்திரங்கள் ஆணியடித்தாற்போல் நிற்கும். நகர்கிற புள்ளி அகப்பட்டால் அது சிறுகோள். இருபத்தேழு வருடமாக இதே வேலை என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஊசிக்கண் அக்கா என்றே பெயர். போன வருடம் மூக்குக்கண்ணாடி வந்தது. அது செய்தித்தாளுக்கு மட்டும் என்று சாதிக்கிறார்.

எதிர்ச் சுவரில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வரைந்த வட்டம், வியாழன் சூரியனைச் சுற்றும் பாதை. வியாழனாக ஒரு சட்டைப் பித்தானை ஒட்டியிருக்கிறார். வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு முன்னே தள்ளி, அதே பாதையில் நடக்கும் சிறுகோள்களின் புள்ளிகள். புதிதாகக் கண்டதைப் பென்சிலால் வைப்பார். மறு வருடமும் கண்ணில் பட்டால்தான் மை.

புரியாமல் விழிப்பவர்களுக்கு வீட்டுக்காரரை இழுப்பார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பாவம்.

"அவரோட கடைக்குப் போய்ப் பாருங்க. எப்பவும் இருபதடி முன்னால. நான் வேகமா நடந்தா அவரும் வேகம், நான் அசந்தா அவரும் அசருவாரு. முப்பது வருஷமா ஒரே ரோடு, இன்னும் முட்டிக்கல."

போன வருடம் ஒரு பென்சில் புள்ளி தகராறு கிளப்பியது. நான்கே இரவு தெரிந்தது, பிறகு மேகம் மூடிக்கொண்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற சாதாரணக் கல் என்று மென்பொருள் கணக்குப் போட்டது. அக்கா ஒப்பவில்லை, துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார்: "நட மெதுவா இருக்கு சார், அப்ப தூரத்துல போகுது. இது வியாழன் வீட்டு நட." மென்பொருள் கணக்குப்படி இந்த வருடம் கல் இருக்க வேண்டிய இடம் ஒன்று, அக்கா கணக்குப்படி வேறொன்று. இப்போதும் அகப்படாவிட்டால் தொலைந்ததாக எழுதி மூடிவிடுவார்கள்.

துறைத்தலைவர் அக்காவைவிடப் பத்து வயது இளையவர். தயங்கித் தயங்கி, அக்கா சொன்ன இடத்துக்குத் தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் கொடுத்தார். "அங்க இல்லேன்னா அட்டையக் கழட்டிடறேன் சார். அப்புறம் மிஷின் சொல்றதுதான் எனக்கும் வேதம்" என்று அக்காவும் எல்லார் முன்னாலும் வாய்விட்டிருந்தார்.

இன்று காலை அக்கா வருவதற்குள் தலைவர் பொறுமையிழந்து அட்டையைப் பிய்த்து மென்பொருளின் தீர்ப்பைப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் நட்சத்திரம்னுதான் சொல்லுது."

அக்கா திரைப்பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையை நாற்காலியில் மாட்டியதும் முதல் வேலையாக மேஜையில் கிடந்த அட்டையை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டினார்.

"நான் இன்னும் பாக்கலையே சார்."

தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஒன்றிலிருந்து. ஐந்தாவது சுற்றில் விரல் நின்றது. முதல் படத்தில் மங்கலாக ஒரு புள்ளி. இரண்டிலும் மூன்றிலும் பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் அதை முழுங்கியிருந்தது. நான்காவதில் மறுபுறம் எட்டிப் பார்த்தது, அதே மெதுவான நடையில், அவர் சொன்ன இடத்தில்.

"நட்சத்திர வெளிச்சத்துல ஒளிஞ்சிருக்கு, திருட்டுக் கழுத. மிஷினுக்கு மூணு படத்துலயாவது தெரியணும். எனக்கு ரெண்டு போதும்."

தலைவர் திரையில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். "ஆமாக்கா... இருக்குதான். எதுக்கும் இன்னொரு ராத்திரி எடுத்துப் பாத்துட்டு, அப்புறமா..."

அவர் நிமிர்ந்தபோது அக்கா நாற்காலியில் இல்லை. சுவரோரம் நின்று, பென்சில் புள்ளியின் மேல் பேனாவை அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தார்.