நிரோஷா டீச்சரின் பியானோவுக்குத் தோல் ஒட்டியது

மாத்தளைக்குப் பக்கத்து ஊரான வரக்காமுறையில் பள்ளிக்கூடப் பையின் ஸிப் போனாலும், செருப்பின் வார் அறுந்தாலும், மோட்டார் சைக்கிள் சீட் கிழிந்தாலும் கைறுன்னிஸாவின் வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். முன்பு அந்த வேலையைச் செய்தவர் அவள் கணவர் பதுர்தீன். மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தோல்கடை வைத்திருந்தார். பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கமும் பேச்சும் போனபின், கடையை மூடிவிட்டுத் தையல் மெஷினையும் மிஞ்சிய தோல்களையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் இல்லை. அவரைத் தூக்கி உட்கார வைப்பது, கழுவித் துடைப்பது, ஊட்டுவது, இடையில் கிடைக்கும் நேரத்தில் தைப்பது என்று நாட்கள் போயின. சுகம் விசாரித்தவர்களுக்கு "இரிக்கேன்" என்று மட்டும் சொல்வாள். அதற்கு மேல் பேச உடம்பில் தெம்பில்லை.

மாத்தளையில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் நிரோஷா டீச்சர் ஒருநாள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். தோட்டத்து பங்களா ஒன்றை விற்றபோது அங்கே கிடந்த பழைய பியானோவை அவள் வாங்கியிருந்தாள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன மரச்சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். அந்தச் சுத்தியல்களின் தலையில் இருந்த கம்பளியை எலி தின்றுவிட்டது. புதுக்கம்பளி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்குப் பதிலாகத் தோல் ஒட்டினாலும் சத்தம் வரும் என்று கண்டியிலிருந்து வந்த பியானோக்காரர் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றி எண் போட்டுக் கொடுத்திருந்தார். எண்பதுக்கும் மேல் இருந்தன.

"செருப்புக்கு ஒட்டுறதுதானே டீச்சர், பாப்போம்" என்று கைறுன்னிஸா வாங்கிக்கொண்டாள்.

கையிலிருந்த சப்பாத்துத் தோலை வெட்டி, செருப்புக்குப் பூசும் சொலுஷனை முழுக்கத் தடவி, இழுத்து ஒட்டிக் கொடுத்தாள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கிழமை கழித்து டீச்சர் அதே பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. தகரத்துல கல்லு விழுற மாதிரி சத்தம் வருது. வெயிலுக்கு பசை இளகி கொஞ்சம் கழண்டும் போச்சு."

"எல்லாமேயா?"

"எல்லாமே திரும்ப ஒட்டணும்னு பியானோக்காரர் சொல்றாரு."

கைறுன்னிஸாவுக்குக் கோபம்கூட வரவில்லை. "எனக்கு இனி ஏலாது டீச்சர். வேற யாரையும் பாருங்க."

"சரிக்கா" என்றாள் டீச்சர்.

அந்த நேரம் பார்த்து உள்ளே பதுர்தீன் முனகினார். கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். கைறுன்னிஸா அவருடைய தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். டீச்சர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, யாரும் கேட்காமலே அவருடைய கால்களைப் பிடித்துத் தூக்கினாள். இருவருமாக அவரை நிமிர்த்தித் தலையணை வைத்தார்கள். பிறகு டீச்சர் முகம் கழுவிக்கொண்டு, பியானோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பெட்டி வாசலிலேயே இருந்தது.

அடுத்த நாள் கைறுன்னிஸா கத்தியை எடுத்து ஒட்டிய தோலை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள்.

கடினத் தோல் சரிவராது என்பது இப்போது விளங்கிவிட்டது. சந்தையில் பழைய உடுப்புக் குவியலைக் கிளறி, செம்மறித்தோல் ஜாக்கெட் ஒன்றை எடுத்தாள். மடித்து நசுக்கிவிட்டால் மெல்ல எழும்பிவரும் தோல். முதுகுப் பகுதி தடிப்பாகவும் கைப் பகுதி மெல்லியதாகவும் இருந்தன. வீட்டில் அதிலிருந்து துண்டுகள் வெட்டி, பதுர்தீனின் இடக்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இது சரிவருமா, பாருங்க."

அவர் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே தள்ளினார். அடுத்ததையும் தள்ளினார். முதலில் கொடுத்ததையே திரும்பக் கொடுத்தாள். அதுவும் விழுந்தது. தோல் பிடிக்கவில்லையா, படுக்கைதான் பிடிக்கவில்லையா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு, "சரி, நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

தச்சுவேலை செய்யும் ஜுனைதீனிடம் மரம் ஒட்டும் வச்சிரப் பசை வாங்கி வந்தாள். தண்ணீர்ச் சட்டிக்குள் டின்னை வைத்து அதைக் காய்ச்சியபோது எழுந்த நாற்றத்தில், பக்கத்து வீட்டு அம்றா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பார்த்தாள். இந்தமுறை தோலின் மெத்தென்ற உட்பக்கம் வெளியே வரும்படி வைத்தாள். சுத்தியலின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் இறுக்கினாள். அது காய்ந்தபின் தோலைச் சுத்தியலின் மூக்குக்கு மேலால் இழுத்து மறுபக்கம் ஒட்டினாள். கம்பியில் படும் மூக்கில் பசை படவிடவில்லை. பட்டால் அது கல்லாகிவிடும். தடித்த சத்தத்துக்கு முதுகுத் தோல், கீச்சுச் சத்தத்துக்குக் கைத்தோல். கணவரைக் கழுவிவிட்டு நாலைந்து ஒட்டுவாள், கஞ்சி கொடுத்துவிட்டு இன்னும் நாலைந்து. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோலோடு உரிந்தது. நோன்பு தொடங்குவதற்குள் ஒருவாறு முடித்தாள்.

பியானோக்காரர் வந்து சுத்தியல்களைத் திரும்பப் பூட்டிய சனிக்கிழமை, கட்டாயம் வந்து கேட்கவேண்டும் என்று டீச்சர் தன் வீட்டுக்கு அழைத்தாள். கைறுன்னிஸா அம்றாவை அவருக்குத் துணையாக வீட்டில் இருத்திவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவேன் என்று நாலு தரம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

டீச்சர் வாசித்தாள். சத்தம் கொஞ்சம் மங்கலாக, ஆனால் மெதுமையாக வந்தது. நடுவில் ஒரு கட்டை மட்டும் டொக்கென்றது. "இதக் கழட்டித் தாங்க, சரியாக்கித் தாறேன்" என்றாள் கைறுன்னிஸா.

"அது கிடக்கட்டும். உக்காருங்கக்கா, முழுசாக் கேளுங்க."

பிரம்பு நாற்காலியில் சாய்ந்தாள். மூன்றாவது பாட்டு என்ன என்று அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பியானோ மூடியிருந்தது. யாரோ மின்விசிறியைத் திருப்பி வைத்திருந்தார்கள். பதறி எழுந்தாள்.

"யா அல்லாஹ்! அவரு பசியோட இரிப்பாரே. எழுப்பியிருக்கலாமே டீச்சர்!"

"அம்றாவுக்கு போன் பண்ணிட்டேன். சாப்பிட்டாராம், தூங்குறாராம்."

தன் கையால் ஊட்டினால் அல்லாமல் அவர் வாய் திறக்கமாட்டார் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் அம்றாவிடம் திரும்பவும் கேட்டாள்.

"சோறு குழைச்சுக் குடுத்தேன் மாமி, எல்லாம் சாப்பிட்டாங்க."

கைறுன்னிஸாவுக்கு ஒரு பக்கம் நெஞ்சு வலித்தது. இன்னொரு பக்கம் உடம்பு கழன்று விழுவதுபோல் இலேசானது. தொட்டியடியில் நின்று முகத்தை நெடுநேரம் கழுவினாள். பிறகு வந்து, அம்றாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"வாற சனிக்கிழமையும் கொஞ்சம் வந்து இரிக்க ஏலுமா மகள்?"

"வாறேன் மாமி. எங்க போகப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. உங்கட வீட்டுல ஒரு பாய் போட்டுத் தா. நான் படுக்கணும்."