பிச்சிச் செடியின் காலடியில்

பூவனலிங்கத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். காய்ந்த குப்பை! கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில், குச்சிக்கு மருந்து முக்குகிற பகுதியில் மேஸ்திரியாக இருந்து தலை நரைத்தவர். அங்கே தரையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தால் போதும், மனிதர் சாமியாடிவிடுவார். வேலையை விட்டு வீட்டோடு இருந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. வாசலில் நாலு வேப்பஞ்சருகு சேர்ந்தால் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருவில் பீடி பிடித்தபடி எவனாவது போனால், இவர் வீட்டை அவன் தாண்டுகிற வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டார். தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். தீ பிடித்த கொட்டகையை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், அவர்கள் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரைத் தனியே விட்டுவிட்டு, இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் அவர் மனைவி கிருஷ்ணவேணி மும்பைக்கு ரயில் ஏறினாள். மகள் ஜெயப்பிரியாவுக்கு இரண்டாவது பிரசவம். முறைப்படி மகள்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பச்சைப்பிள்ளைத் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லாத ஊருக்கு எந்த மருமகன் அனுப்புவான்? மழை ஏமாற்றி ஏமாற்றிக் கரிசல் காடெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தது. குழாயில் சீவலப்பேரி ஆற்றுத் தண்ணீர் வருகிற நாள் திருநாள். அதுவும் பாதிக் குடம் நிறைவதற்குள் புஸ்ஸென்று காற்றடிக்க ஆரம்பித்துவிடும்.

ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக அவள் சொன்னது இவ்வளவுதான்: "பிச்சியப் பாத்துக்கோங்க. எப்பவும் போல ஊத்துங்க, போதும்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எப்பவும் போல என்றால் எப்படி? வீட்டுக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிச் சின்னப் பந்தலில் அந்தப் பிச்சி படர்ந்திருந்தது. தெருவில் அத்தனை வீட்டுச் செடியும் கருகின வருஷத்திலும் அது சாயங்காலமானால் மணத்தது. அந்த மணத்தில் உட்கார்ந்து அவர் முப்பது வருஷமாகக் காபி குடித்திருக்கிறார். அவள் எப்போது ஊற்றினாள், எதை ஊற்றினாள், எவ்வளவு ஊற்றினாள் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாரா? இல்லவே இல்லை.

ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை. அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலம்பின தண்ணீர், குளித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரு வாளியில் பிடித்து வெயில் தாழ ஊற்றினார். செடி ஜம்மென்று இருந்தது. இதென்ன பெரிய வித்தையா என்றுகூட நினைத்துக்கொண்டார்.

ஆனி மாதக் காற்று வந்தது. அந்தக் காற்றுக்குக் கூரையே நிற்காது, புழுதி எம்மாத்திரம்? ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், பிச்சியின் காலடியில் மேல்மண் பறந்துபோய், அடியில் கிடந்தது பல்லை இளித்தது. கடலைத் தொலி! காய்ந்த கடலை ஓடும் தேங்காய்ச் சவுரி நாருமாக ஒரு சாண் கனத்துக்கு, வீட்டுச் சுவரை ஒட்டி!

அவருக்குக் குலை நடுங்கிவிட்டது. எந்தப் பாவி கொண்டுவந்து கொட்டினான்? ஒரு பீடித் துண்டு பறந்து வந்து விழுந்தால் வீட்டின் கதி என்ன? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தொலி விடாமல் அள்ளிச் சாக்கில் கட்டித் தெருக்கோடிக் குப்பைமேட்டில் தட்டினார். தரையைக் கோயில் வாசல் மாதிரி கூட்டிவைத்தார். கிருஷ்ணவேணி வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று அவருக்கு ஒரே பெருமை. அசந்துதான் போயிருப்பாள், பாவம்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். கறுத்து மினுங்கிய மண் நாலே நாளில் வெளுத்து, அப்புறம் விரிசல் விட்டது. விரிசல் வளர்ந்து பெருவிரல் நுழையும் பிளவானது. வாளித் தண்ணீரைச் சாய்த்தால் கடகடவென்று பிளவுக்குள் இறங்கி எங்கேயோ போய்த் தொலைந்தது. இலை தொங்கியது. இவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளித்தார், மிச்சமான தண்ணீரையும் சேர்த்து ஊற்றினார். இலை பழுத்து உதிர்ந்தது. உதிர்ந்ததையும் உடனுக்குடன் கூட்டி அள்ளினார், பயம் விடுமா?

யோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்! டெலிபோன் பூத் வைத்திருந்த விஜயராஜ் ஒரே போடாகப் போட்டான்.

"தண்ணி பத்தல அண்ணாச்சி. நீங்க கஞ்சத்தனம் பண்ணுதீங்க."

பக்கத்து வீட்டு வெயிலம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "தண்ணி கூடிப்போச்சு. வேரு அழுகிட்டு. ஒரு வாரம் ஊத்தாமப் போடுங்கண்ணே."

கூட்டுவதா குறைப்பதா? ஒருநாள் இவன் சொன்னபடி, மறுநாள் அவள் சொன்னபடி. எதைச் செய்தாலும் செடி வாடியது. முதலில் ஊற்றினதைவிட நிச்சயம் அதிகம் ஊற்றுகிறார். அப்படியிருந்தும் ஏன்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி வாளியும் கையுமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விஜயராஜ் பூத்திலிருந்து மும்பைக்குப் பேசுவார். எடுத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பிச்சி எப்படி இருக்கு?" சாப்பிட்டீங்களா என்று இல்லை, மாத்திரை போட்டீங்களா என்று இல்லை. பிச்சி! அவருக்குள் சுருக்கென்று இருக்கும்.

"நல்லாருக்கு. பூத்துக் கொட்டுது," என்பார்.

"அப்பச் சரி. இங்கன மழை விடாமப் பெய்யுது. பேரனக் குளிப்பாட்டிக்கிட்டே இருக்கலாம், அம்புட்டுத் தண்ணி. ஜெயா என்னைய தீவாளி வரைக்கும் இருக்கச் சொல்லுதா."

"இரு, இரு. அதுக்கென்ன," என்று சொல்லி வைத்துவிட்டு வருவார். வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. அங்கே மகள், பேரன், கொட்டுகிற மழை. இங்கே அவளுக்கென்று என்ன இருக்கிறது? அந்தப் பிச்சி ஒன்றுதானே! அதுவும் பட்டுப்போனால் இந்தப் பொட்டல் ஊருக்கு எதற்குத் திரும்பி வருவாள்? அந்த நினைப்பு வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சமைப்பதும் குறைந்தது. சமைக்காததால் அரிசி கழுவின தண்ணீரும் குறைந்தது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஆடி பிறந்து ஒரு காலையில், தளிர் என்று சொல்ல ஒரு பொட்டுகூடக் கொடியில் இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அல்ல. அவர் பூத்துக்குப் போனார்.

"என்ன, இன்னிக்குப் பேசுதீங்க? பிச்சி..."

"பட்டுப்போச்சு வேணி." என்றார். "நான் ஊத்தாம இல்ல. குளிக்காமக்கூட ஊத்துனேன். அடியில எவனோ கடலைத் தொலியக் கொட்டி வச்சிருந்தான், அதையும் அள்ளிச் சுத்தமாத்தான் வச்சிருந்தேன்..."

லைன் போய்விட்டதோ என்று குழலைத் தட்டினார்.

"எவனோ இல்ல," என்றாள் மெதுவாக. "நான்தான் போட்டேன். வருஷா வருஷம் எண்ணெய் மில்லுல வாங்கிட்டு வந்து போடுவேன். அது கெடந்தாத்தான் வெயில் மண்ணத் தொடாது, வெடிப்பு விடாது. ஒரு செம்புத் தண்ணி நாலு நாளைக்கு நிக்கும். நீங்க பாத்தா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருவீங்க. அதான் மேல மண்ணத் தூவி மூடிருவேன்."

முப்பது வருஷம்! தன் வீட்டுச் சுவரோரம் தனக்குத் தெரியாமல் இப்படி ஒரு காரியமா? கோபப்படுவதா, வெட்கப்படுவதா, தெரியவில்லை. அவருக்காகத்தான் மூடினாள் என்பது மட்டும் புரிந்தது.

"நல்லாருக்குன்னு சொன்னீங்களே," என்றாள் அவள். "அத நம்பித்தான் இங்கன இருந்தேன். செடிக்கு ஊத்தணும்னா நீங்க எந்திரிக்கணும், சோறு பொங்கணும், குளிக்கணும். பிச்சி நல்லாருந்தா நீங்களும் நல்லாருக்கீங்கன்னு இருந்தேன். உங்களக் கேட்டா நீங்க எப்பவும் நல்லாருக்கேன்னுதானே சொல்லுவீங்க? நாளைக்கே வாரேன். டிக்கெட் இல்லாட்டி நின்னுக்கிட்டு வாரேன்."

பூத்துக்குள் அவர் விக்கி விக்கி அழுதார். விஜயராஜ் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

அவர் நேரே எண்ணெய் மில்லுக்குப் போனார். ஒரு சாக்குத் தொலியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்த வேடிக்கையைத் தெருவே பார்த்தது. பிளவுகளைக் கொத்தி மூடி, தண்ணீர் தெளித்து, தன் கையாலேயே தொலியைப் பரப்பினார்.

வந்து இறங்கிய கிருஷ்ணவேணி பந்தல் பக்கம் திரும்பவே இல்லை. பையை வாசலிலேயே போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "இப்படி வத்திப் போயிட்டீங்களே!" என்றாள். உலை வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அரிசி கழுவின தண்ணீரோடு செடியிடம் போனாள். அடித்தண்டை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை இருந்தது.

தண்ணீரை ஊற்றிவிட்டு, பழக்கத்தில் ஒரு கை மண்ணை அள்ளித் தொலியின் மேல் தூவப் போனாள்.

"மூட வேண்டாம்," என்றார் பூவனலிங்கம். "கெடக்கட்டும். தெரிஞ்சே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, சும்மா இருக்க முடியவில்லை. கம்பெனியில் தீயணைக்க வைத்திருக்கிற மாதிரி ஒரு வாளி நிறைய மணலைக் கொண்டுவந்து செடிக்குப் பக்கத்தில் வைத்தார்.