சுல்தானின் கையெழுத்தில் ஓர் ஊதாப் பூ

எண்பதுகளில், ஹூஸ்டன் மியூசியம் ஒன்றில் அவரைப் பார்த்தேன். காவலாளி. தொளதொள யூனிஃபார்ம், பேசுமுன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பார்.

துருக்கி சுல்தான் ஒருவரின் கையெழுத்து அங்கே கண்ணாடிக்குள் இருந்தது. அதன் வளைவுகளுக்குள் ஓவியர்கள் நீலப் பூக்களை நிரப்பியிருந்தார்கள். நான் அதில் லயித்திருந்தபோது, என் மூன்று வயது மகள் கண்ணாடிமேல் ஊதா கிரேயானால் தன் பங்குக்கு ஒரு பூ வரைந்துவிட்டாள்.

"அய்யோ, என்னடி பண்ணிட்டே! அடுத்த வாரம் கிரீன் கார்டு இன்டர்வியூடி!" என்று பதறினேன்.

அவர் பொத்தானைத் தொட்டார். "பயப்படாதேங்கோ தங்கச்சி. கண்ணாடியிலதானே? ராசா தப்பிட்டார்" என்றார், யாழ்ப்பாணத் தமிழில். கைக்குட்டையால் துடைத்தார். மெழுகு இன்னும் பரவியது.

"ரிப்போர்ட் பண்ணுவீங்களா?"

"பூ கீறின பிள்ளையைப் பற்றியோ?"

அதற்குள் அவருடைய மேலதிகாரி வந்துவிட்டார். யார் செய்தது என்று தான் கவனிக்கவில்லை, தவறு தன்னுடையது என்றார் காவலாளி. நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டார். நான் மகளின் கையைக் கிரேயானோடு பொத்திப் பிடித்தபடி நின்றேன்.

இன்டர்வியூவில் மகளைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அவர் வேலை தப்பியதா என்று போய்க் கேட்க எனக்கு அதன் பிறகும் துணிவு வரவில்லை.