செங்கோடன் சாரும் ஒரு சந்தனப் பொட்டும்

செங்கோடன் சார் காலமான செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை ஆத்தூரில் என் பட்டறைக்குப் போனில் வந்தது. ஜவ்வரிசி மில்லிலிருந்து கருகித் திரும்பிய ஒரு ஸ்டெபிலைசரை அப்போதுதான் திறந்திருந்தேன். சாருடைய மகள் பேசினார். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க அக்கா." திறந்த பெட்டியை அப்படியே போட்டுவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன். பெட்டியை மூடாமல் வந்ததற்குச் சார் திட்டுவார் என்று வாழப்பாடி தாண்டும்போது நினைத்தேன். இனித் திட்ட ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சாருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். இன்ஜினியரிங் படித்து அரசு வேலையில் இருந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு அஸ்தம்பட்டியில் ஓர் ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார். கோழிப்பண்ணைகளில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு, சூட்டைத் தானாகவே சரியாக வைத்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் கருவி செய்வதாகச் சொன்னார். "கோழி சும்மா உக்காந்து செய்யற வேலைக்கு இன்ஜினியர் எதுக்குடா?" என்று அவருடைய மாமா கேட்டதைச் சாரே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்வார். டிப்ளமா முடித்துவிட்டு அவரிடம் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தேன். அங்கே ஒரே பெண் நான்தான். சால்டரிங் முழுக்க என் கை.

எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர் நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் பெரியண்ணன். அவர் பண்ணையில் கருவி ஒழுங்காக ஓடினால் மற்றவர்கள் வாங்குவார்கள், இல்லையென்றால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆயுத பூஜையன்று கருவியைப் பார்த்துவர என்னை அனுப்பினார் சார். மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த பெரியண்ணனின் மனைவி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "உங்க பெட்டிக்கு நீங்களே வெச்சுடுங்க சாமி." பெட்டியின் முகப்பில் வைத்தேன். பிறகு, அவர் அந்தப் பக்கம் போனதும், இன்குபேட்டரின் கதவைத் திறந்து, தட்டுகளுக்கு நடுவே தொங்கிய, சூட்டை அளக்கும் சென்சார் முனைக்கும் ஒன்று வைத்தேன். நானே பற்றவைத்தது, அதை மட்டும் விட மனசு வரவில்லை.

ஈரச் சந்தனம் சென்சாரைக் குளிர வைத்திருக்கிறது. உள்ளே சூடு போதவில்லை என்று நம்பிய கருவி ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. மறுநாள் காலை ஒரு முட்டையும் தேறவில்லை.

சாரோடு நானும் போனேன். சென்சாரை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார் சார். "இதுக்கு யாருங்க பொட்டு வெச்சது?" பெரியண்ணன் திரும்பி, வாசலில் நின்ற புது மருமகள் சரசுவைப் பார்த்தார். "எங்க ஊட்டுப் பொம்பளைங்கதானுங்க" என்றார். சரசு தரையைப் பார்த்தாள். நானும்தான்.

"அவங்க மேல தப்பில்லைங்க" என்றார் சார். "பொட்டு வெக்கிற ஊட்டுக்குத்தான பெட்டி செய்யறோம்? அதுக்கு எடம் உட்டிருக்கோணும். தப்பு எங்களுது."

பத்தே நாளில் சென்சாருக்குக் கம்பிவலைக் கூடு வந்தது. பெட்டியின் முகப்பில், பொட்டு வைப்பதற்கென்றே ஒரு பித்தளை வட்டம் வந்தது. அதன் பிறகு பண்ணைக்காரர்கள் வட்டம் வைத்த பெட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். தொழில் காலூன்றிவிட்டது.

எண்பதுகளில் சார் மற்றவர்களின் தொழில்களில் பணம் போட ஆரம்பித்தார். யார் வந்தாலும் ஒரே கேள்விதான், "இதுக்குப் பொட்டு எங்க வெப்பாங்க?" விழித்தால் போச்சு. விசைத்தறிக்கு ஸ்டார்ட்டர் செய்யப் படம் வரைந்து வந்த ஒருவரிடம், "ஒரு நாளு தறி ஊட்டுல உக்காந்துட்டு வாங்க, அப்பறம் பேசலாம்" என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார். அந்த ஆள் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார், பணமும் கிடைத்தது.

ஆத்தூர் மில்களுக்கு ஸ்டெபிலைசர் செய்ய நான் போய் நின்றபோது உடனே ஒப்புக்கொண்டார். "கடன் இல்லீங்க அம்மிணி, பங்கு. முழுகுனா ரெண்டு பேருமே முழுகலாம்." பேனாவைத் திறந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சார், அந்தச் சென்சாருக்குப் பொட்டு வெச்சது நானுங்க."

"தெரியுமுங்க. அந்த ஊட்டுல ஒருத்தருக்கும் சென்சார் எங்க தொங்குதுன்னே தெரியாது. தேடிப் போயிப் பொட்டு வெக்கோணும்னா, அதச் செஞ்ச கைதான் வெச்சிருக்கும்."

"அப்பவே கேட்டிருக்கலாமேங்க."

"நான் சொன்னா அது காட்டிக் குடுக்கறது." பேனாவை மூடினார். "போன வருசப் பூசைக்குக் கூட அந்தப் புள்ள சரசு வெளியதான் நின்னுச்சு. அதுகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. கையெழுத்த அப்பறம் பாத்துக்கலாம்."

தெரிந்தும் அவர் அத்தனை வருஷம் சும்மா இருந்ததை இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போனேன்.

சரசு முழுவதையும் கேட்டாள். "கல்யாணமாகி வந்த மொத பூசைங்க அது. அதுல இருந்து அந்த ரூமுக்குள்ள என்னைய உடறதில்லைங்க" என்றாள். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, அவரிடமும் தன் எதிரிலேயே என்னைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சார் கையெழுத்துப் போட்டபோது அங்கே என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை.

பித்தளை வட்டம் என் ஸ்டெபிலைசர்களிலும் உண்டு. அது சாருடையது என்று அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேறொன்று. அன்று திறந்துபோட்டுவிட்டு வந்த பெட்டி கருகியதற்குக் காரணம், நான் ஒயரைத் தவறாக மாற்றிப் பொருத்தியது; திறந்ததுமே பார்த்துவிட்டேன். மில்லில் அவர்களுடைய ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இறுதிச் சடங்கு முடிந்து ஆத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பட்டறைக்குப் போகவில்லை. நேராக மில்லுக்குப் போய், அந்த ஆபரேட்டரை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னேன்.