பெரியம்மா கழுவிய தோல்சட்டை

முதலில் நினைவுக்கு வருவது புகை மணம்தான். பதமிட்ட மான்தோலைப் புகையில் தொங்கவிட்டால் அதில் ஊறிப்போகும் மணம் அது. என் வகுப்புத் தோழி லூயிஸ் ஹூரான்-வெண்டாட் பூர்வகுடிப் பெண். அவளுடைய கையில்லாத கறுப்புத் தோல்சட்டையின் நெஞ்சில், அவள் தாய், 'மூஸ்' என்னும் பெரிய காட்டுமானின் மயிருக்குச் சிவப்பும் நீலமும் சாயமேற்றி, சிறு கற்றைகளாகப் பதித்து, நூலால் இறுக்கித் தைத்துப் பூக்கள் செய்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலில், எங்களுக்குப் பன்னிரண்டு வயது. என் பட்டுப் பாவாடையையும் அவள் சட்டையையும் ஒரு கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

எங்கள் குடும்பம் அப்போது பெரியம்மா வீட்டில் இருந்தது. எங்களை "ஸ்பொன்சர்" பண்ணி இந்த நாட்டுக்கு எடுத்ததை அவர் சொல்லிக்காட்டாத நாளில்லை. அது கந்தசஷ்டி விரதக் காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சட்டை ஹீட்டரின் மேல் அப்பளம்போல விறைத்துக் கிடந்தது. பூக்கள் பாதிக்குமேல் உதிர்ந்திருந்தன.

"செத்த மிருகத்தின்ரை தோலும் மயிரும். விரத வீட்டுக்கை துடக்கெல்லே? தீட்டுப் போக மஞ்சளும் சவுக்காரமும் போட்டுச் சுடுதண்ணியிலை கழுவி விட்டனான்," என்றார் பெரியம்மா, எனக்கு உபகாரம் செய்தவர்போல.

நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினார். "விடு பிள்ளை, அவையின்ரை வீட்டிலை இருக்கிறம்."

மறுநாள் லூயிஸ் பாவாடையை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தாள். சட்டையை வாங்கித் தடவினாள். ஒரு கற்றை அவள் விரலோடு வந்தது. பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: "நாங்கள் அழுக்கென்றா கழுவினீர்கள்?"

அன்றிலிருந்து அவள் வகுப்பில் என் பக்கத்தை விட்டு வேறு வாங்கில் போய் இருந்தாள். வருட முடிவில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. பாவாடை மடிப்பில் அவர்கள் வீட்டுப் புகை சில மாதம் மணத்தது, பிறகு அதுவும் இல்லை.

பெரியம்மா இப்போது நகருக்கு வெளியே, புவாண்ட்-கிளேரில் பெரிய வீட்டில் இருக்கிறார். இந்தக் கந்தசஷ்டிக்குப் போனபோது, தோல் சோபாவில் சாய்ந்தபடி, "அசல் மாட்டுத்தோல், விலை கூட. இரு பிள்ளை, ஏன் நிக்கிறாய்?" என்றார்.

"விரத வீட்டுக்கை துடக்கெல்லே, பெரியம்மா?"

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவுமே நினைவில்லை. நான் நின்றபடியே தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.