அக்காவுக்கு மட்டும் வெள்ளைச் சோறு

கொதிக்கிற வெள்ளைச் சோற்றின் மணம் வந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பசியால் அல்ல, பொறாமையால். யுத்த காலம் அது. தாயில்லாமல் வளர்ந்து ஜெயங்கொண்டத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எனக்கு மூன்று வேளையும் கம்பங்களி, இல்லாவிட்டால் வரகுச் சோறு. மூத்த மருமகளுக்கு, நான் அக்கா என்று அழைத்த ஓரகத்திக்கு மட்டும், கிடைப்பதற்கரிய மில் அரிசி அதே அடுப்பில் தனியாக வேகும். அதைக் குழைய வடித்து, ரசம் விட்டுப் பிசைந்து, மாமியார் தன் கையாலேயே ஊட்டுவார். நான் அம்மியில் அரைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரணம் அக்காவின் வயிறு. நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் அவருக்கு வெளிக்குப் போகும். அதுவரை வயிறு உப்பி இறுகிச் சுருட்டிப் பிடித்து இழுக்கும். பகலில் கொல்லைக் காட்டுக்குப் போக வெட்கம், அதனால் தண்ணீரையும் குறைத்துக்கொள்வார். "உமி பட்டா கொடலு புண்ணாப் போயிடும், அவளுக்கு மெதுவாத்தான் குடுக்கணும்" என்பார் அத்தை. கம்பு, வரகு, கீரை எதுவும் அவர் பக்கம் போகாது. சனிக்கிழமை தோறும் விளக்கெண்ணெய் மட்டும் தவறாது. எனக்கென்னவோ அக்கா நடிக்கிறார் என்றே தோன்றியது. எனக்கும் ஒரு வலி வரக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற பாழாய்ப்போன வயிறு எனக்கு.

ஒருநாள் களத்துமேட்டில் அக்கா வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு விழுந்தார். அத்தையும் நானும் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் ஏற்றி அரியலூர் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் வயிற்றை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். "கட்டி ஏதும் இல்லம்மா. பெருங்குடல்ல மலம் வறண்டு தங்கிப்போச்சு. என்ன சாப்பிடுறாங்க?"

அத்தை பெருமையாகச் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சாப்பிடுற?"

"களிங்க, கீரைங்க."

"உனக்கு வயிறு எப்புடி?"

"தெனமும் விடியக்காலையில போயிடுங்க." வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். "தீட்டின அரிசியில சக்கையே இல்லியே, எதத் தள்ளும் குடலு? இவ திங்கறத அவங்களுக்கும் குடுங்க. ஒரேயடியா வேணாம், கொஞ்சங்கொஞ்சமா. தண்ணி நெறைய குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது. விளக்கெண்ணெய விட்டுடுங்க."

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனி அந்த அரிசி எனக்குத்தான்.

இரண்டு மாதத்தில் அக்காவின் வயிறு இளகி, முகம் தெளிந்தது. "அரிசி அப்புடியே கெடக்கு, வேணும்னா வடிச்சுத் தின்னுடி" என்றார் அத்தை. வடித்து, ஆசையாகத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அத்தை சூடான களியை உருட்டி, நடுவில் குழி செய்து, கீரைக் குழம்பை ஊற்றி, "இன்னும் ஒரு வாய் வாங்கிக்க கண்ணு" என்று அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என் தட்டில் இருந்த சோறு எனக்கு இறங்கவில்லை.

இப்போது என் வீட்டில் எல்லோருக்கும் மூன்று வேளையும் அரிசிச் சோறுதான். அத்தை போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்கும் ஒரு வாய் ஊட்டுங்கள் என்று ஒரே ஒருநாள் கேட்டிருக்கலாம். ஊட்டியிருப்பார்.